கடனாக வந்த கடலடி வெளிச்சம்

உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் அலுமினியக் குழல், அதற்குள் ஒரே ஒரு லித்தியம் பேட்டரி. கடலுக்கு அடியில் 1000 லூமன் வெளிச்சம் தர இன்று இவ்வளவு போதும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே வெளிச்சம் வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோ காரீய பேட்டரியை இடுப்பிலோ முதுகிலோ கட்டிக்கொண்டு, அங்கிருந்து கைக்கு ஒரு கனத்த வயரை இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தது. அதற்கும் முந்தைய தலைமுறைக்குக் கப்பலிலிருந்தே வயர் வந்தாக வேண்டும். வயர் இப்படிப் படிப்படியாகக் குறுகிக் கடைசியில் மறைந்துபோனதைக் கடலடி விளக்கு செய்தவர்களின் கெட்டிக்காரத்தனத்துக்கு வரவு வைப்பது வழக்கம். வரலாற்றைப் புரட்டினால் கணக்கு வேறாக இருக்கிறது. சுரங்கத்தில் இறங்கியவர், ரேடியோ கேட்டவர், வீடியோ கேமரா வாங்கியவர், மடிக்கணினியில் வேலை பார்த்தவர் என்று கரையில் இருந்த கோடிக்கணக்கானவர்களுக்காகச் செய்த மின்கலங்களைக் கடன் வாங்கித்தான் கடலடி விளக்கு வளர்ந்திருக்கிறது. குறைந்த விலையில் நல்ல விளக்கு தேடுபவருக்கும் இந்த வரலாறே வழி சொல்கிறது: முதலில் பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள், விளக்கு பிறகு.

தண்ணீருக்குள் விளக்கு எதற்கு என்ற கேள்விக்கு இரவு மட்டுமே பதில் இல்லை. நண்பகலில் தெளிந்த கடலில் இறங்கினாலும் முதல் பத்து மீட்டருக்குள் சூரிய ஒளியின் சிவப்பு பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். அதற்குக் கீழே சிவந்த பவளமும் சாம்பல் நீலமாகவே தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் விளக்கைப் பிடித்தால்தான் அதன் நிறம் திரும்ப வரும். பாறை இடுக்கு, மூழ்கிய கப்பலின் அறை, நீர் நிறைந்த குகை என்று உள்ளே போகப் போக நிறத்தைப் பற்றிய கவலை போய் உயிரைப் பற்றிய கவலை வந்துவிடுகிறது. எனவே தண்ணீருக்குள் மனிதன் மூச்சுவிடப் பழகிய நாளிலிருந்தே வெளிச்சத்தையும் உடன் கொண்டுபோக முயன்றிருக்கிறான். தண்ணீர் புகாத கூடு செய்வது கடினம்தான். அதைவிடக் கடினம், அந்தக் கூட்டுக்குள் போதிய மின்சாரத்தை அடைப்பது.

முதல் கடன் சுரங்கத்திலிருந்து வந்தது. வெடிவாயு நிறைந்த சுரங்கங்களில் திறந்த தீயைத் தவிர்ப்பதற்காக 1862 வாக்கில் அல்ஃபோன்ஸ் துமா என்ற பொறியாளரும் கமில் பெனுவா என்ற மருத்துவரும் பிரான்சில் ஒரு விளக்கைச் செய்தார்கள். தோளில் தொங்கும் பெட்டிக்குள் மின்கலமும், அதன் மின்னழுத்தத்தை உயர்த்தும் ரூம்கார்ஃப் சுருளும் இருக்கும். கையில் இருக்கும் கண்ணாடிக் குழலுக்குள் வாயு ஒளிரும். 1870-இல் நூலாக வந்த ‘கடலுக்கு அடியில் இருபதாயிரம் லீக்’ நாவலில் ஜூல் வெர்ன் தன் கதைமாந்தர்களின் இடுப்பில் கட்டிவிட்டது ஏறக்குறைய இதே ஏற்பாட்டைத்தான். கடலடி வெளிச்சத்தைக் கற்பனை செய்தவருக்கும் சுரங்கத் தொழிலாளியின் விளக்கே கைகொடுத்தது. கற்பனைக்கும் நடைமுறைக்கும் எவ்வளவு தூரம் என்பதை லூயி பூத்தானின் பாடு காட்டுகிறது. பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில் பானியுல்ஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த உயிரியலாளர் அவர். 1893-இல் கடலடியில் படம் எடுக்கத் தொடங்கியபோது, ஆக்சிஜன் நிரப்பிய ஒரு பீப்பாயின் மேல் சாராய விளக்கை ஏற்றி, ரப்பர் பந்தை அழுத்தி மக்னீசியத் தூளைச் சுடரில் ஊதச் செய்தார். ஒரு நொடி வெளிச்சத்துக்காக ஒரு பீப்பாயையே கடலில் இறக்க வேண்டியிருந்தது. 1899 வாக்கில் அவர் மின்கலங்களால் எரியும் வில் விளக்குகளுக்கு மாறி 50 மீட்டர் ஆழம்வரை படம் எடுத்தார். வழி திறந்துவிட்டது, ஆனால் மூழ்குபவர் தானே தூக்கிச் செல்லும் வெளிச்சமாக அது ஆகவில்லை.

அடுத்த அரை நூற்றாண்டு கேபிளின் காலம். தாமிரத் தலைக்கவசம் அணிந்து இறங்கியவருக்குக் காற்றே மேலிருந்து குழாயில் வந்ததால், விளக்குக்கு ஒரு வயர் கூடுதலாக வருவது பெரிய தொல்லையாகப் படவில்லை. 1943-இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய அக்வாலங் கருவி காற்றுக்குழாயை அறுத்துவிட்டது. மூழ்குபவர் மீனைப் போலத் திரும்பிய பக்கமெல்லாம் போகலாம் என்று ஆனபோதுதான் வெளிச்சத்தின் அடிமைத்தனம் உறுத்தத் தொடங்கியது. கூஸ்தோவும் லூயி மாலும் சேர்ந்து எடுத்து 1956-இல் கான் விழாவின் உயரிய விருதைப் பெற்ற ‘மௌன உலகம்’ படத்தில், ஆழத்தின் நிறங்களைக் காட்டிய பெரிய விளக்குகளுக்கு மின்சாரம் கப்பலிலிருந்து கேபிளில்தான் வந்தது. கடலடியை உலகுக்கு அறிமுகப்படுத்திய படமே வெளிச்சத்துக்குக் கப்பலை நம்பியிருந்தது. மூச்சுக்கு விடுதலை கிடைத்த பிறகும் வெளிச்சம் பல பத்தாண்டுகள் காத்திருந்ததற்கு ஒரே காரணம்தான்: தேவையான மின்சாரத்தைத் தூக்கிச் செல்லும் எடையில் அடைக்கும் மின்கலம் அப்போது இல்லை.

இதற்கிடையே கரையில் வேறொரு வரிசை வளர்ந்து வந்தது. லெக்லான்ஷே 1866-இல் செய்த ஈர மின்கலத்தை 1880-களில் கார்ல் காஸ்னர் கசியாத உலர் மின்கலமாக மாற்றினார். 1899-இல் அமெரிக்காவில் டேவிட் மிஸல் உலர் மின்கலங்களைக் குழலுக்குள் வரிசையாக அடுக்கிய கைவிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊரில் இரண்டு கட்டை, மூன்று கட்டை என்று பேட்டரியை எண்ணிச் சொல்லும் டார்ச் லைட்டின் மூதாதை அதுதான். 1937-இல் நீல்ஸ் கிறிஸ்டென்சன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ‘ஓ-ரிங்’ என்ற ரப்பர் வளையம், இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களின் எண்ணெய் அழுத்தக் குழாய்களுக்காகப் பெருமளவில் தயாரானது. 1950-களின் கடைசியில் லூயிஸ் உர்ரி உருவாக்கிய அல்கலைன் பேட்டரி, பொம்மைக்கும் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குமாகச் சந்தைக்கு வந்தது. இந்த மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் சேர்த்தால் 1970-களின் கடலடி டார்ச் கிடைத்துவிடும். நான்கு ‘சி’ அளவுக் கட்டைகள், ஒரு சிறு பல்பு, ஒரு ரப்பர் வளையம். இவற்றில் எதுவும் கடலுக்காகப் பிறந்ததில்லை. அந்த வளையத்தின் வேலை சாமானியமானதும் இல்லை. 30 மீட்டர் ஆழத்தில் நான்கு சென்டிமீட்டர் அகலக் கண்ணாடியை ஏறத்தாழ 38 கிலோ எடை உள்ளே தள்ளுகிறது. அதைத் தாங்கி நிற்கும் இணைப்பில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் நுழைந்துவிடும். கடன் வாங்கிய பேட்டரி தன் குறைகளையும் கூடவே கொண்டுவந்தது. காற்றுப் புகாத கூட்டுக்குள் கட்டைகள் ஹைட்ரஜனைக் கசியவிட்டால், சுவிட்சின் சிறு பொறியே வெடிப்புக்குப் போதும். அந்த வாயுவைத் தண்ணீராக மாற்றும் வினையூக்கி வில்லையைப் பல விளக்குகளுக்குள் வைக்க வேண்டியிருந்தது.

கட்டை டார்ச்சால் கடலில் சமாளிக்கலாம், குகையில் முடியாது. அமெரிக்காவின் புளோரிடாவில் சுண்ணாம்புப் பாறைக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் நீர்க்குகைகளில் 1960-களிலும் 70-களிலும் பலர் உயிரிழந்தார்கள். அந்த விபத்துகளை ஆராய்ந்து குகை முக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லி 1979-இல் எழுதிய பாதுகாப்புக் கையேடு இன்றுவரை குகை முக்குளிப்பின் அடித்தளமாக இருக்கிறது. ஆளுக்குக் குறைந்தது மூன்று விளக்குகள், அதில் ஒன்று முதன்மை விளக்கு, மற்ற இரண்டும் மாற்று என்ற விதி அந்தச் சமூகத்தில்தான் உறுதிப்பட்டது. முதன்மை விளக்குக்குத் தேவைப்பட்ட ஆற்றலை அடைக்க ஒரே வழி, பேட்டரியைத் தனிக் குப்பியில் வைத்து வயரால் விளக்குத் தலையோடு இணைப்பது. இடுப்பில் குப்பி, புறங்கையில் விளக்குத் தலை, நடுவே வயர் என்ற அந்த அமைப்பு வெர்ன் வரைந்த படத்தையே ஒத்திருந்தது. குப்பிக்குள் இருந்ததோ அவசரகால விளக்குகளுக்கும் எச்சரிக்கை மணிகளுக்கும் செய்த மூடிய காரீய பேட்டரியும், பிற்பாடு கம்பியில்லாத் துளையிடும் கருவிகளை ஓட்டிய நிக்கல் பேட்டரிகளும்தான். ஆபத்தின் விளிம்பில் நின்று, விலையைப் பார்க்காமல் வாங்கத் தயாராக இருந்த இந்தச் சிறு கூட்டத்துக்குக்கூடத் தனியாக ஒரு மின்கலம் பிறக்கவில்லை. சில ஆயிரம் பேருக்காக எந்த வேதியியல் ஆலையும் இயங்காது.

வயரை அறுத்தவை இரண்டு வரவுகள். ஒன்று, 1991-இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரி. கையடக்க வீடியோ கேமராவும் மடிக்கணினியும் அதை வளர்த்தன. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை, 18650 என்ற பெயரில் உலகப் பொது அளவாக நிலைபெற்றது. 2008-இல் வந்த டெஸ்லாவின் முதல் கார் இதே மடிக்கணினி வகைக் கலங்களில் 6,831-ஐ அடுக்கித்தான் ஓடியது. இரண்டாவது வரவு எல்.இ.டி. 1993-இல் நகமுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர் பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்க, சில ஆண்டுகளில் வெள்ளை ஒளி வந்தது. 2010 வாக்கில் ஒற்றைச் சில்லு 10 வாட்டில் 1000 லூமன் தரும் நிலை எட்டப்பட்டது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மாற்றத்தின் அளவு விளங்கும். வாட்டுக்கு 20 லூமன் தரும் ஹாலஜன் பல்பில் 1000 லூமனுக்கு 50 வாட் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 50 வாட்-மணி; கிலோவுக்கு 35 வாட்-மணி தரும் காரீய பேட்டரியில் அது கிட்டத்தட்ட 1.4 கிலோ. எல்.இ.டி.க்கு அதே வெளிச்சத்துக்கு 10 வாட் போதும். 3.6 வோல்ட்டும் 3500 மில்லி ஆம்பியர்-மணியும் கொண்ட ஒரு 18650 கலத்தில் 12.6 வாட்-மணி இருக்கிறது. அதன் எடை 50 கிராமுக்கும் குறைவு. குப்பிக்கு வேலையில்லாமல் போனது இப்படித்தான்.

அப்படியானால் வெற்றி எல்.இ.டி.யினுடையது, பேட்டரிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, மேலே சொன்ன கணக்கிலேயே எல்.இ.டி. தேவையை ஐந்தில் ஒன்றாகக் குறைத்திருக்கிறது, பேட்டரி எடையை ஏழில் ஒன்றாகக் குறைத்திருக்கிறது. இரண்டும் ஏறத்தாழச் சம பங்கு. ஆனால் வெளிச்சத்திறன் மட்டுமே வயரை அறுத்திருக்கும் என்றால், 1990-களில் குகைக்காரர்கள் பயன்படுத்திய எச்.ஐ.டி. என்ற வாயு வில் விளக்கே அதைச் செய்திருக்க வேண்டும். ஹாலஜனைவிட இரண்டு மூன்று மடங்கு திறன் கொண்ட அந்த விளக்கும் குப்பியோடும் வயரோடும்தான் கடைசிவரை வாழ்ந்தது. தவிர, எல்.இ.டி.யும் கடன்தான். கைபேசித் திரையும் தெருவிளக்கும் வீட்டு விளக்கும் வாங்கிய கோடிகள்தான் அந்தச் சில்லின் விலையை இறக்கின. ஆக, இந்த மறுப்பு என் வாதத்தின் எல்லையை விரிக்கவே உதவுகிறது: பேட்டரி, சில்லு, வளையம் மூன்றுமே பெருஞ்சந்தையின் பிள்ளைகள். அவற்றுள் தேய்ந்து தீர்ந்து திரும்பத் திரும்ப வாங்க வேண்டியது பேட்டரி ஒன்றுதான். எனவே வாங்குபவரின் கவனம் அதில் நிற்பதே சரி.

இங்கிருந்து கடைக்குப் போகலாம். மலிவான வயரில்லா விளக்கு என்றால் பொது அளவுக் கலம் பொருந்தும் விளக்கு என்றே பொருள் கொள்ள வேண்டும்: 18650, அல்லது 2017-இல் டெஸ்லாவின் புதிய காரோடு பரவிய 21700. தன் விளக்குக்கு மட்டுமே பொருந்தும் பேட்டரிப் பொதியை விற்கும் நிறுவனம் அந்த மாதிரியை நிறுத்திய நாளில் விளக்கும் செத்துவிடுகிறது. அளவு பொதுவாக இருந்தாலும் எல்லாக் கலமும் ஒன்றில்லை. பாதுகாப்புச் சுற்று பொருத்திய கலம் 65-க்குப் பதில் 69 மில்லிமீட்டர் நீளம் வரும். சில விளக்குகளில் மூடி மூடாது, சிலவற்றில் தட்டையான தலை கொண்ட கலம் முனையைத் தொடாது. உறையில் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட 18650 கலங்கள் இணையச் சந்தைகளில் கொட்டிக் கிடக்கின்றன. நல்ல நிறுவனங்களின் கலங்களே நெடுங்காலம் 3500-ஐ ஒட்டித்தான் நின்றன என்பதை அறிந்தவர் அந்த எண்ணைப் பார்த்ததுமே விலகிவிடலாம். விளக்குக்காரர்களின் எண்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2009-இல் அமெரிக்காவில் வந்த எஃப்.எல்.1 தரநிலைப்படி ஒரு விளக்கின் ‘எரியும் நேரம்’ என்பது வெளிச்சம் பத்தில் ஒன்றாகச் சரியும்வரையிலான நேரம். மூன்று மணி நேரம் என்று எழுதியிருந்தால் முதல் சில நிமிடங்கள் மட்டும் 1000 லூமன் இருந்து, மிச்ச நேரம் மங்கலாக எரிந்திருக்கலாம். இதற்கு மாற்று, பேட்டரியின் வாட்-மணியை விளக்கு இழுக்கும் வாட்டால் வகுப்பது. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அந்த வகுத்தல் பொய் சொல்லாது.

பேட்டரியைக் கழற்ற முடியாதபடி அடைத்த விளக்குகளே மேல் என்பது இன்னொரு வாதம். திறக்காத கூட்டில் தண்ணீர் நுழையாது, சார்ஜ் முனையோடு வேலை முடிந்தது என்பார்கள். வளையத்தைத் துடைத்து கிரீஸ் தடவும் பொறுமை இல்லாதவருக்கும், ஆண்டுக்கு இரண்டொரு முறை மட்டும் இறங்குபவருக்கும் இது பொருந்தும்; கசிவினால் போகும் விளக்குகளில் பல, பேட்டரி மாற்றிய கையால்தான் போகின்றன. ஆயினும் லித்தியம் கலம் முந்நூறு முதல் ஐந்நூறு முழுச் சார்ஜுகளுக்குள் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். பயன்படுத்தாமல் வைத்தாலும் மூப்படையும். கலம் சாகும்போது நல்ல கூடும் நல்ல சில்லும் குப்பைக்குப் போவதென்றால், வாங்கிய அன்று மிச்சப்படுத்திய பணம் சில ஆண்டுகளில் கைவிட்டுப் போகிறது. இரண்டு இறக்கங்களுக்கு நடுவே படகில் பேட்டரி மாற்றும் வசதியும் அதில் இல்லை.

லித்தியத்தின் ஆபத்தைச் சொல்லிப் பழைய அல்கலைனுக்கே திரும்பச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுடைய அச்சத்தை எளிதில் ஒதுக்க முடியாது. 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே ‘கன்செப்ஷன்’ என்ற முக்குளிப்புப் படகு தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள். தீ எதனால் மூண்டது என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தால் உறுதிசெய்ய முடியவில்லை. ஆனால் ஆளில்லாமல் சார்ஜில் கிடந்த பேட்டரிகளும் அது எண்ணிப்பார்த்த காரணங்களில் ஒன்று, இரவுக் காவல் சுற்று இல்லாததை அது வன்மையாகக் கண்டித்தது. உப்புநீர் புகுந்த கலத்தைச் சார்ஜ் போடக் கூடாது, சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், உதிரிக் கலம் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்ற ஒழுக்கங்கள் விளக்கின் விலையில் ஒரு பகுதி. விமானத்தில் உதிரி லித்தியம் கலங்களைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லலாம். நீரடி விளக்கு வெளியில் எரிந்தால் கடுமையாகச் சூடேறும் என்பதால் அதன் பேட்டரியைக் கழற்றி வைக்கச் சொல்லும் விதியும் உண்டு. அல்கலைனும் ஹைட்ரஜனும் நிகழ்த்திய வெடிப்புகளை நினைத்தால், ஆபத்தே இல்லாத மின்கலம் ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது தெளிவாகும். மாற்று விளக்காக மட்டும் அல்கலைன் இன்றும் தன் இடத்தைக் காக்கிறது: அது நெடுநாள் சும்மா கிடந்தாலும் பெரிதாக இறங்காது, எந்தத் தீவுக் கடையிலும் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் மலிவின் மேலேயே வருகிறது. விளக்கு மலிந்ததால் கடல் வாழ்ந்ததா? பசிபிக் தீவுகளில் கைவிளக்கு பரவிய பிறகு இரவு ஈட்டி மீன்பிடிப்பு பெருகியது. ஆழமற்ற இடத்தில் கூட்டமாக உறங்கும் பெரிய புடைத்தலைக் கிளிமீன், சாலமன் தீவுகளிலும் பிஜியிலும் பல இடங்களில் அருகிப்போனது. பகலில் அதை நெருங்குவதே கடினம். இரவில் உறங்கும்போது வெளிச்சம் பட்டாலும் அசையாமல் கிடக்கும். இலங்கையின் வட கடலில் இரவில் விளக்கோடு மூழ்கிக் கடலட்டை அள்ளுவதை எதிர்த்து உள்ளூர் மீனவர்களே போராடியிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விளக்கின் விலையை உயர்த்துவது பதிலாகாது. விலை ஏறினால் முதலில் வெளியேறுபவர் சிறு மீனவரும் மாணவரும் ஆய்வாளரும்தான்; லாபத்துக்கு அள்ளுபவர் எந்த விலையும் கொடுப்பார். இரவுப் பிடிப்பைத் தடுக்கும் சட்டமும் அதைக் காக்கும் ஊரும்தான் வழி. அதே மலிவு, மூன்று விளக்குகள் என்ற குகை விதியை வசதியில்லாதவரும் கடைப்பிடிக்க இடம் தந்திருக்கிறது. ஒரே ஒரு விலையுயர்ந்த விளக்கை நம்பி இறங்குபவரைவிட, ஒரே அளவுக் கலம் போடும் எளிய விளக்குகள் இரண்டோடு இறங்குபவர் பாதுகாப்பானவர்.

பூத்தானின் பீப்பாய்க்குப் பின் நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இந்தக் காலம் முழுவதும் கடலடி விளக்கு தன்னைவிடப் பெரிய தொழில்களின் தோளில் ஏறியே முன்னேறியது. இனியும் அப்படித்தான் முன்னேறும். அடுத்த கலத்தை எந்தத் தொழில் தரும் என்பதை முக்குளிப்பவர்கள் முடிவு செய்யப்போவதில்லை, மின்சார வண்டிகளும் மின் சேமிப்பு நிலையங்களும் முடிவு செய்யும். நம் கையில் இருப்பது ஒரு தேர்வு மட்டுமே: அந்தப் பெரிய ஓட்டத்தோடு ஒட்டி நிற்கும் விளக்கையா, அதிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்ட விளக்கையா எதை வாங்குவது? பத்தாண்டு கழித்தும் பக்கத்துக் கடையில் புதுக் கலம் வாங்கிப் போட்டு எரிக்க முடிகிற விளக்கே, விலைச்சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், மலிவான விளக்கு.